தோளில் கை வை

அடையாள அணிவகுப்பு என்பதைச் சட்டப் புத்தகத்தில் படித்தால் ஒன்றும் உறைக்காது. சிறைக்குள் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே உயரமுள்ள ஆண்களை வரிசையாக நிறுத்துவார்கள். போலீஸ் பிடித்தவனும் அதில் ஒருவனாக நிற்பான். பாதிக்கப்பட்டவள் போய் அவனைக் காட்ட வேண்டும். விரல் நீட்டினால் போதாது, கிட்டே போய்த் தொட வேண்டும். தொண்ணூறுகளில் நான் பெங்களூரில் பார்த்த பழக்கம் இதுதான். எந்தப் புண்ணியவான் ஏற்படுத்தினானோ, அவன் வீட்டுப் பெண் யாரும் அந்த வரிசைக்கு முன்னால் நின்றிருக்க மாட்டாள்.

நான் அப்போது காக்ஸ் டவுன் பக்கம் பெண்களுக்கான ஓர் உதவி மையத்தில் இருந்தேன். போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, கோர்ட் என்று பாதிக்கப்பட்டவர்களோடு கூடவே போவது என் வேலை. உண்மையைச் சொன்னால் சண்டை போடுவதுதான் வேலை. வாய் நீளம், வாய் நீளம் என்று வீட்டில் என்னைக் கரித்துக் கொட்டினார்களே, அந்த வாய்க்கு அங்கேதான் மரியாதை கிடைத்தது.

அவள் ஜீவனஹள்ளிப் பெண். கார்மெண்ட்ஸில் தையல் வேலை. வேலை முடிந்து வரும்போது ரயில் பாதை ஓரமாக இழுத்துக்கொண்டு போய் அவளைக் கெடுத்தவனின் பேர் ஊர் அவளுக்குத் தெரியாது. முகம் மட்டும் தெரியும். போலீஸ் ஒரு மெக்கானிக் ஷெட்காரனைப் பிடித்து உள்ளே வைத்தது. அவன்தான் என்று சொல்ல அவளை விட்டால் நாதியில்லை.

"அவன் வெளிய வந்துட்டா அந்த ஷெட்டைத் தாண்டித்தானேக்கா நான் டெய்லி வேலைக்குப் போணும்?" என்றாள். அவளுக்கு அது ஒன்றுதான் கணக்கு.

அணிவகுப்பு அன்று, அதை நடத்த வந்த மாஜிஸ்திரேட்டை ஜெயில் வாசலில் மறித்து நின்றேன். "விரலால காட்டினா போதாதா சார்? பச்சைப் புண்ணு சார் அவ."

நல்ல மனிதர்தான், கோபப்படவில்லை. "தோள்ல கை வெக்கணும்மா. அப்பத்தான் பின்னாடி யாரும் சந்தேகம் கிளப்ப முடியாது. அவ நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார்.

என்னை உள்ளே விடவில்லை. அவளுடைய டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தவள் அழவில்லை. எதிர்ப்பக்கம் டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வலது கையை உடம்பில் படாமல் தள்ளி வைத்துக்கொண்டு, இடது கையால் கிளாஸை எடுத்தாள்.

"தொட்டுட்டேன்க்கா. அவன் தோளு சூடா இருந்திச்சு."

பாவி மகள். இன்னொரு டீ சொன்னேன்.

வழக்கு விசாரணைக்கு வர வருஷக்கணக்கில் இழுத்தது. இந்த மாதிரி வழக்குக்குக் கதவைச் சாத்திவிட்டுத்தான் விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். அவள் சாட்சி சொல்ல வேண்டிய அன்றைக்குப் போனால் கோர்ட் ஹால் நிறைய அவன் கூட்டாளிகள், சினிமாவுக்கு வந்த மாதிரி. அரசு வக்கீலைப் பிடித்து உலுக்கினேன். அவர் எழுந்து கேட்ட பிறகுதான் எல்லாரையும் வெளியே அனுப்பினார்கள். நான் மட்டும் அனுமதி வாங்கி ஓரமாக உட்கார்ந்தேன். கூண்டில் நின்ற அவளைத் தவிர அங்கே இருந்த ஒரே பெண் நான்தான்.

அவளுக்குக் கன்னடம் நன்றாக வரும். ஆனால் பதற்றத்தில் வார்த்தை பிசகினால் குறுக்கு விசாரணையில் மாட்டிக்கொள்வாய், தமிழிலேயே சொல் என்று அரசு வக்கீல் சொல்லியிருந்தார். கோர்ட் குமாஸ்தா அதைக் கன்னடத்தில் நீதிபதிக்குச் சொல்வார், நீதிபதி டைப்பிஸ்ட்டுக்குச் சொல்வார்.

எதிர்த் தரப்பு வக்கீல் சிரித்துக்கொண்டே கேட்டார். கெடுத்தவனைப் பார்த்தால் எந்தப் பெண்ணும் பயத்தில் நடுங்குவாள், நீ கூசாமல் போய்த் தொட்டிருக்கிறாயே, எப்படி என்று.

"தொடுன்னு சொன்னது நீங்க. அவன் என்னைத் தொட்டப்போ என்னைக் கேக்கல, நீங்களும் கேக்கல. பயத்துலதான் தொட்டேன். தொடலன்னா அவனை விட்டுருவீங்களேன்னு பயம்."

குமாஸ்தா நீதிபதியிடம் ஒரே வார்த்தை சொன்னார்: "ஹௌது."

ஆமாம். தொட்டாளாம். அவ்வளவுதான். டைப்பிஸ்ட் அதைத் தட்டவும் தொடங்கிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து, "சார், அவ இவ்ளோ பேசியிருக்கா, அதெல்லாம் எங்கே?" என்று கத்தினேன். இன்னொரு வார்த்தை பேசினால் வெளியே போக வேண்டும் என்றார் நீதிபதி. போனால் அத்தனை ஆம்பளைகளுக்கு நடுவே அவள் தனியாக நிற்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவள் குமாஸ்தாவை விட்டு நீதிபதி பக்கம் திரும்பினாள். "முட்டோக்கே ஹேளித்து நீவே, சுவாமி." தொடச் சொன்னது நீங்கள்தானே, ஐயா. பிறகு தமிழில் சொன்ன அத்தனையும் கன்னடத்தில் ஒன்று விடாமல் வந்தது. நீதிபதி கேட்டுக்கொண்டிருந்தார். முதலில் தட்டியதை நீக்கச் சொல்லிவிட்டு, முழுவதையும் டைப் செய்ய வைத்தார். வக்கீலின் சிரிப்பு போய்விட்டது. அப்பாடா, ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

அவனை விடுதலை செய்தார்கள்.

தீர்ப்பு நகல் கைக்கு வந்ததும் மையத்தின் பெஞ்சில் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். அவ்வளவு பயந்திருந்த பெண் அப்படித் துணிந்து தொட்டது இயல்பாக இல்லையாம். அதனால் அடையாளம் காட்டியதில் சந்தேகமாம். சந்தேகத்தின் பலன் அவனுக்காம். படிக்கப் படிக்க என் நாக்கு கூசியது.

"நான் கன்னடத்துல சொன்னேனே, அதை எழுதினாங்களாக்கா?"

சாட்சியத்தின் நகலைப் புரட்டிப் பார்த்தேன். "இருக்கும்மா. ஒரு எழுத்து விடல."

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"அதைப் படிச்சுட்டுமாக்கா விட்டாங்க?"