உப்பிய முறுக்குப் பொட்டலம்

நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியன், அறிவியல் பட்டதாரி. மலேசியாவின் கேமரன் மலைத் தோட்டத்து மக்கள் அறிவியலும் மொழியும் பேச அமைத்த வாட்ஸ்அப் குழுவில், இறுதித் தீர்ப்பு என்னுடையதாகவே இருந்து வந்தது.

அக்குழுவில் தேயிலை லோரி ஓட்டுநர் ஒருவர் இருந்தார். காது மறைய இழுத்துவிட்ட சிவப்புக் கம்பளிக் குல்லாய். ஒவ்வொரு கேள்விக்குப் பின்னும் மூன்று கும்பிடு படங்கள் அனுப்புவார். ஒருநாள் கேட்டார்:

"சார், அடிவாரத்துல தாப்பால வாங்குன முறுக்கு பாக்கெட் மலைமேல பிரிஞ்சாங் வந்ததும் பலூனாட்டம் உப்பிருதே, ஏன் சார்?"

முறுக்கு கெட்டு உள்ளே வாயு உண்டாகியிருக்கும், உண்ண வேண்டாம் என்று உடனே எழுதினேன். பலர் நன்றி தெரிவித்தனர்.

மறுவாரம் தாப்பாவில் மருத்துவரைக் காண அவருடைய லோரியிலேயே சென்றேன். என் சொல்லுக்குக் கட்டுப்பட்டு அவர் பிரிக்காத அதே பொட்டலம் கண்ணாடி முன்னே தொங்கியது. மலை இறங்க இறங்க அது மெலிந்து, தாப்பாவில் தட்டையாகிவிட்டது.

"கெட்டுப்போன முறுக்கு கீழ வந்தா நல்லாயிருமா சார்? தெரியாமத்தான் கேக்குறேன் லா."

முகத்தில் கேலி துளியும் இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. மலைமேல் காற்றழுத்தம் குறைவு என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியவன் நான்.

"குழுவில் திருத்தம் எழுதிவிடுகிறேன்" என்றேன்.

"வேணாம் சார், உங்க பேர் என்னாகுறது? முறுக்கு பழசுதான்னு நானே சொல்லிடறேன்."

எனக்காகப் பொய் சொல்லவும் துணிந்த அம்மனிதர் எனக்கு இன்றும் விளங்கவில்லை. திருத்தத்தை நானே எழுதினேன்.

அவமானத்தால் நான் குழுவைவிட்டு வெளியேறியதாகச் சிலர் சொல்கின்றனர். அது தவறு. அறிவிப்பு ஒலியை மட்டுமே அணைத்து வைத்திருக்கிறேன்.