பெட்டி கேட்ட முதல் கேள்வி

ஆக்லாந்தில் பழைய கணினிகளைப் பிரித்து விற்கும் கிடங்கில் பல வருடம் பாரம் தூக்கி, முதுகு போனபின் தன் சின்னத் தீவுக்குத் திரும்பியவன் பௌலியாசி. கூட வந்தது ஒரு மடிக்கணினி. மனைவி வரவில்லை.

மருந்தகத்தில் அவனுக்கு உத்தியோகம் என்று ஒன்றும் கிடையாது. கூரைமேல் ஏறிச் சூரியத் தகடுகளைத் துடைப்பான். தடுப்பூசிப் பெட்டியில் குளிர் குறையாமல் பார்த்துக்கொள்வான். இணையத்தைக் கொண்டுவந்த கடலடிக் கம்பி அறுந்து, பெரிய தீவான வவாவுவிலிருந்து பேசும் டாக்டரின் குரல் நின்றுபோனபோதுதான் நர்ஸ் ஃபிபே கேட்டாள்.

"உன் கணினிப் பெட்டிக்கு வைத்தியம் தெரியுமா?"

"தெரியற மாதிரி ஒண்ணு இருக்கு. ஆனா அது பெருசு. இதுக்குள்ள நுழையாது."

மருத்துவ நூல்களையும் ஆய்வுகளையும் தின்று வளர்ந்து, கேட்டதற்குப் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவு அது. சிநேகிதன் ஒருவன் கப்பலில் அனுப்பிய வன்வட்டில் கிடந்தது. மடிக்கணினிக்குள் நுழைக்க, பௌலியாசி அதன் எண்களின் வாலை நறுக்கினான். பதினாறு பிட்டில் எழுதியவற்றை நான்காகக் குறுக்கினான். மூன்றாக்கிப் பார்த்தபோது அது கைக்குழந்தைக்குக் காளைமாட்டு அளவில் மருந்து சொன்னது. நான்குக்கே திரும்பினான். இணையம் வேண்டாம்; வெயில் இருந்தால் போதும். விசிறி இரைய, சொல் சொல்லாக நிதானமாகப் பதில் வரும். ஃபிபே கேள்வி சொல்வாள், இவன் தட்டுவான். பெண்கள் விஷயம் என்றால் இவனை வெளியே அனுப்பிவிட்டு அவளே ஒற்றை விரலால் தட்டுவாள்.

ஆண்கள் கூடிக் கவா வேர்ச்சாறு குடிக்கும் இடத்தில் அவனுக்குப் பெட்டி டாக்டர் என்று பெயர் விழுந்தது.

"டாக்டரே, என் பன்னி மூணு நாளா மொறைக்குது. பெட்டிகிட்ட கேளுமேன்" என்பார் கிழவர் தானியேலா.

"கேட்டேன். பன்னி நல்லாத்தான் இருக்காம். ஆளக் கூட்டிட்டு வரச் சொல்லுது."

இடுப்பு உடைந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஃபிபே வவாவுக்குப் போக வேண்டியிருந்தது. போகும்போது ஒன்றுதான் சொன்னாள்: "காயம், காய்ச்சல் மட்டும் பாரு. புரியாதத கப்பல்ல ஏத்து."

அடுத்த கொப்பரைக் கப்பல் துறையில் நின்றிருந்த காலையில் லூசியானேயைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தான் அவள் கணவன் ஹாவியா. லூசியானே பௌலியாசியின் உடன்பிறந்த அக்கா. அவள் கட்டிலில் படுத்ததும் இவன் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனான். மீசை அரும்பியதிலிருந்து அக்கா இருக்கும் அறையில் அவன் உட்கார்ந்ததில்லை. அவள் பெயரைச் சொல்லிச் சிரித்தவன் ஒருவனின் பல்லை உடைத்திருக்கிறான். அந்தத் தீவில் அக்காவும் தம்பியும் அப்படித்தான் இருக்க வேண்டும்; இருந்தார்கள். அவள் உடம்பைப் பற்றிய பேச்சு அவன் காதில்கூட விழக் கூடாது.

ஹாவியா கதவருகே நின்று சேதி கடத்தினான்.

"எங்க வலிக்குதாம், அத்தான்?"

"அடிவயிறு. தோள்பட்டையும் குடையுதுங்கறா. நேத்து ஆக்டோபஸ் தின்னோம் மாப்ள. எனக்கு ஒண்ணுமில்ல. நான் கல்லத் தின்னாலும் கரைஞ்சிரும்."

பௌலியாசி தட்டினான். விசிறி இரைந்தது. சொற்கள் வந்தன. கடைசி மாதவிடாய் எப்போது. கர்ப்பமாக இருக்க வாய்ப்புண்டா. இதற்குப் பதில் தெரியாமல் மேலே எதுவும் சொல்ல முடியாது.

அவன் திரையைப் பாதி சாய்த்தான்.

"என்ன கேக்குது?" என்றான் ஹாவியா.

"சாப்பாட்டப் பத்தி."

போதகர் மனைவியைக் கூப்பிடலாம் என்று நினைத்தான். ஆள் விட்டுக் கேட்டாலும் கேட்டது அவன்தானே. அக்காவின் மூத்த மகன் கல்யாணமானவன். இந்த வயதில் என்ன இருக்கப்போகிறது. கதவருகே ஹாவியா வாயைத் திறந்தான், மச்சினன் முகத்தைப் பார்த்தான், மூடிக்கொண்டான். கேள்விக்குக் கீழே, பதில் தட்ட வேண்டிய இடத்தில் சிறு கோடு துடித்துக்கொண்டிருந்தது.

இல்லை என்று தட்டினான் பௌலியாசி.

அதன்பிறகு பெட்டி தடையில்லாமல் பேசியது. இரைப்பை அழற்சியாக இருக்கலாம். ஒவ்வாத உணவாக இருக்கலாம். அமிலம் தணிக்கும் மாத்திரை, நீர், ஓய்வு.

"கப்பல்ல ஏத்தவா? துரை சங்கு ஊதப்போறான்" என்றான் ஹாவியா. கப்பல் தலைவனுக்குத் துரை என்றுதான் அங்கே பெயர்.

"வேண்டாம் அத்தான். இந்த அலையில வாந்திதான் எடுப்பாங்க. வயித்து வலிதான்."

உள்ளேயிருந்து லூசியானேயின் குரல் வந்தது. தம்பியிடம் இல்லை, கணவனிடம். "அவன் சொன்னா சரி. அவனத் தொந்தரவு பண்ணாத."

கப்பல் போயிற்று. வெயில் சாயும்போது அவள் உதடு வெளுத்தது. போதகர் மனைவி ஓடிவந்து கையைத் தேய்த்தாள். பௌலியாசி முற்றத்திலேயே நின்றான். அழுகை வெளியே வந்தபோதும் அங்கேயே நின்றான்.

பெண்கள் உடம்பைக் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் அவன் வராந்தாவில் பெட்டியைத் திறந்தான். அதே வலி, அதே தோள், அதே வயது. முதல் கேள்வி வந்தது. ஆம் என்று தட்டினான்.

பதிலில் ஒரு சொல் குறையவில்லை. கரு குழாயில் தங்கி வெடித்திருக்கலாம். உள்ளே இரத்தம் கசியும். மருந்து கொடுத்துக் காத்திருக்காதே. கிடைக்கும் முதல் வாகனத்தில் அறுவை வசதியுள்ள இடத்துக்கு அனுப்பு.

உடம்பைக் கழுவிய பெண்கள் வெளியே வந்தார்கள். அவனைக் கடந்தபோது ஒருத்தியும் நிமிரவில்லை.

ஊருக்குக் காரணம் கிடைத்துவிட்டது. "நறுக்குறப்பவே எதையோ சேத்து நறுக்கிட்டான்" என்றார் தானியேலா. "முழுசா இருந்தா சொல்லியிருக்கும். பாவம், அவன் என்ன பண்ணுவான்." ஆறுதலாகத்தான் சொன்னார். பௌலியாசி மறுக்கவில்லை. மறுப்பதென்றால் பெட்டி என்ன கேட்டது என்று சொல்ல வேண்டும்.

அக்காவின் சாவு வீட்டில் தம்பிக்கு இடம் புழக்கடை, வேலை சமையல்; அதுதான் அங்கே முறை. துக்கத்துக்கு உடுத்தும் நைந்த பெரிய பாயை இடுப்பில் சுற்றிக்கொண்டு பௌலியாசி, குழிதோண்டிக் கல்லைக் காய்ச்சிய மண்ணடுப்பருகே நின்றான். உள்ளே பாட்டு நடந்தது. பன்றிகளை இறக்கி, காய்ந்த கற்களின் மேல் கிழங்கை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஹாவியா வந்தான். பெண்டாட்டியை இழந்தவன் அங்கே வரக்கூடாது. வந்தான். பக்கத்தில் குந்தினான்.

"மாப்ள."

"சொல்லுங்க அத்தான்."

"அன்னைக்குக் கதவுகிட்ட நிக்கிறப்பவே சொல்லணும்னு இருந்தேன். அவளுக்கு ரெண்டு மாசமா..."

நிறுத்தினான். இவன் அவளுடைய தம்பி. பௌலியாசி கற்களையே பார்த்தான். முடிக்கச் சொல்லிக் கேட்டிருந்தால் ஹாவியா முடித்திருப்பான்.

"அந்த வாழையிலைய இப்படிக் குடுங்க" என்றான் பௌலியாசி.

ஹாவியா எடுத்துக் கொடுத்தான். இரண்டு பேரும் சேர்ந்து இலையைப் பரப்பினார்கள். மேலே சாக்கை விரித்தார்கள். பௌலியாசி மண்ணை அள்ளிப் போட்டான். புகை கசிந்த இடத்தையெல்லாம் தேடித் தேடி மூடினான்.