வண்டி கொதித்தது, நான் நிறுத்தவில்லை

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர், அங்கிருந்து மேற்கே பெருநகர் பக்கம் என்று ஒரு நாள் சுற்றி வர வேண்டும், வீட்டில் பழைய கார்தான் இருக்கிறது, நம்பிப் போகலாமா என்று சென்ற பதிவின் கீழே ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாகப் போகலாம். நான் அந்தச் சுற்றை முதன்முதலில் போனதே ஒரு பழைய காரில்தான். 1966, மே மாதம், பள்ளிக்கூட விடுமுறை. சாலை இப்போது எவ்வளவோ தேவலை, தூரம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. அந்தப் பயணத்தை எழுதிவிட்டு, கடைசியில் வழி விவரம் சொல்கிறேன்.

அப்போது நான் காஞ்சிபுரத்தில் பெண்கள் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். வயது இருபத்தாறு. அப்பா மருந்துக்கடை வைத்திருந்தார். யாரோ துரை விற்றுவிட்டுப் போன சின்னக் கறுப்புக் கார் ஒன்றை வாங்கியிருந்தார். கண் பார்வை மங்கியதும் ஓட்டுவதை விட்டுவிட்டார், நான் கற்றுக்கொண்டு லைசென்ஸ் எடுத்தேன். கடைத்தெருவில் நான் வண்டியைத் திருப்பும்போது நின்று வேடிக்கை பார்க்க எப்போதும் நாலு பேர் இருப்பார்கள். அவர்களுக்காகவே ஒரே திருப்பில் திருப்பப் பழகினேன்.

என்னோடு வேலை பார்த்த தமிழ் டீச்சர் ஸ்டெல்லா. அவளுடைய அண்ணன் சாமுவேல் சென்னையில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். அவருக்குக் கல்யாணம். பெண் ரூத், திருப்புலிவனத்துக்காரி. தேவாலயம் உத்திரமேரூரில். கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டும், அது பெருநகரிலிருந்து இரண்டு மைல் உள்ளே தள்ளி. அந்த ஊரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அன்று தெருவில் வந்து நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள், அவர்களை நான் எதற்கு இழுக்க வேண்டும்?

அந்த ஊருக்குள் வண்டிப் பாதை ஒன்றுதான். அது ஊர்த்தெருவுக்குள் நுழைந்து, கோயிலைத் தாண்டி, மறுமுனையில் ஸ்டெல்லாவின் ஜனங்கள் இருக்கும் காலனிக்குப் போகும். காலனிக்காரர்கள் அந்தத் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கலாம், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகலாம், ஏறி ஓட்டக் கூடாது. கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் என்றால் ஏரிக்கரை மேல் சுற்றித்தான் போக வேண்டும். சட்டம் அப்படி இல்லை, வழக்கம் அப்படி. இதை ஸ்டெல்லா ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, விடைத்தாள் திருத்தியபடி, பாடம் சொல்வது போல நிதானமாகச் சொன்னாள். பிறகு, கல்யாணத்துக்கு உங்கள் காரைத் தர முடியுமா என்று கேட்டாள். காரைத் தர மாட்டேன், நானே ஓட்டிக்கொண்டு வருவேன் என்றேன்.

காலை வெயில் ஏறுவதற்கு முன் புறப்பட்டோம். நான் ஓட்ட, பக்கத்தில் ஸ்டெல்லா. காஞ்சிபுரம் எல்லையைத் தாண்டவில்லை, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த சிவப்பு பல்பு எரிய ஆரம்பித்தது. ரேடியேட்டர் தண்ணீர் கொதித்தால் எரிய வேண்டிய பல்பு அது. அடுப்பில் பாலை வைத்தால் பொங்குவதற்குக்கூட இதைவிட நேரம் ஆகும். ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் மேல் கையை வைத்தேன். வெதுவெதுப்புக்கூட இல்லை. தண்ணீரும் வாய் வரை இருந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று ஸ்டெல்லா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எரிகிற பல்பைப் பார்த்துக்கொண்டே பதினைந்து மைல் ஓட்டித் திருப்புலிவனம் சேர்ந்தோம்.

ரூத் தயாராக இருந்தாள். கண்ணாடி வளையல், வெள்ளைச் சேலை, தலையில் கனகாம்பரம். காரைச் சுற்றி ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, உள்ளே எரிவது என்ன லைட்டு என்று முதல் கேள்வியாகக் கேட்டாள். வண்டி சூடாகிவிட்டது என்று பொய் சொல்லும் லைட்டு என்றேன். சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தாள்.

உத்திரமேரூரில் அவர்களைத் தேவாலயத்தில் இறக்கிவிட்டு, பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியைக் கொண்டுபோனேன். மெக்கானிக் பானெட்டைத் திறக்கும் முன்பே தீர்ப்பு சொல்லிவிட்டார். இன்ஜின் உள்ளே போய்விட்டது, பிரித்துத்தான் பார்க்க வேண்டும், இரண்டு நாள் ஆகும், வீட்டிலிருந்து ஆண்பிள்ளை யாரையாவது வரச் சொல்லுங்கள் என்றார். தண்ணீர் கொதிக்கவே இல்லை, ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள் என்றேன். தொடவில்லை.

"லேடீஸ் ஓட்டுனா வண்டி இப்டிதாம்மா பேஜார் பண்ணும்," என்றார்.

அதற்குப் பிறகு அவரிடம் பேசுவதில் அர்த்தம் இல்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் தலையில் செருகியிருந்த ஒற்றை ஒயரை நான் பிடுங்கினேன். தண்ணீரின் சூட்டைப் பல்புக்குச் சொல்கிற ஒயர் அது. பிடுங்கிய பிறகும் பல்பு எரிந்தது. அப்படியானால் சேதி இன்ஜினிலிருந்து வரவில்லை, வழியில் எங்கோ ஒயர் இரும்பில் பட்டுக்கொண்டிருக்கிறது. விரலால் தடவிக்கொண்டே போனேன். தகட்டு ஓட்டையில் நுழையும் இடத்தில் மேல்தோல் உரசித் தேய்ந்து செம்புக் கம்பி தெரிந்தது. அப்பா கடையிலிருந்து எடுத்து வண்டியில் போட்டிருந்த காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை மூன்று சுற்றுச் சுற்றினேன். ஒயரைப் பழையபடி செருகினேன். பல்பு அணைந்தது. மெக்கானிக் பீடி பற்றவைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. தேவாலயத்தின் பின்னால் பந்தி, வெண்பொங்கலும் வடையும். சாப்பிட்ட பிறகு வெயில் தாழட்டும் என்று, எல்லோரும் பார்க்கப் போகும் அந்தக் கல்வெட்டு மண்டபத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். ஆயிரம் வருடத்துக்கு முன்பே குடவோலைத் தேர்தல் நடத்திய ஊர். யார் சபையில் உட்காரலாம் என்ற விதிகள் சுவரிலேயே இருக்கின்றன. சொந்த நிலம் இருப்பவர்தான் உட்காரலாம் என்பதும் அதில் ஒன்று. ஸ்டெல்லா அதை அண்ணனுக்கு விளக்கினாள். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். நீங்கள் அங்கே போனால் அந்த வரியையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், வழிகாட்டிகள் பெரும்பாலும் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

நாலு மணிக்குப் புறப்பட்டோம். முன்னால் நானும் ஸ்டெல்லாவும். பின்னால் சாமுவேல், ரூத், சாமுவேலின் அப்பா தாவீது. மற்றவர்கள் முன்னாலேயே பஸ்ஸில் போய்விட்டார்கள். பெருநகர் வரைக்கும் ஒன்பது மைல் சொச்சம், அப்போது பாதிக்கு மேல் கல் பெயர்ந்த சாலை. அதன் பிறகு இரண்டு மைல் வெறும் மாட்டு வண்டித் தடம். அடியில் கல் இடித்துக்கொண்டே இருந்தது. தாவீது வழி முழுக்க அறுப்பு வயல்களையே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் கூலிக்குப் போவது ஊர்ப் பெரிய வீட்டுக்காரரின் நிலத்தில், நவரைப் பட்டத்து நெல் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. நாளைக் காலையில் அதே களத்தில் போய் நிற்க வேண்டியவர் அவர்.

தெரு முனையில் ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். பஸ்ஸில் வந்தவர்கள் மூலம் சேதி முன்னாலேயே போயிருந்தது. நடுவில் பெரிய வீட்டுக்காரர், மேலே துண்டு, கையில் ஒன்றும் இல்லை. யாரும் சத்தம் போடவில்லை. வண்டியை நிறுத்தினேன், இன்ஜினை அணைக்கவில்லை. டவுனிலிருந்து வந்த டீச்சரா என்று மரியாதையாக விசாரித்தார். மரியாதையாகவே சொன்னார்:

"ஏரிக்கர மேல வழி கீது. அவங்களுக்குத் தெரியும், கேளுங்க."

கரை மேல் கார் போகாது என்றேன். ஆட்கள் நடந்து போகலாமே என்றார். இந்தச் சமயத்தில்தான் சிவப்பு பல்பு மறுபடியும் எரிந்தது.

அவர் பக்கத்தில் நின்ற இளவட்டம் ஒருவன், லாரியில் கிளீனராக இருந்தவனாம், ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்துவிட்டான். "வண்டி சூடு ஏறிக்கீது டீச்சர். லைட்டு எரியுது பாருங்க. எல்லாரும் எறங்கட்டும், வண்டி ஆறட்டும். அதுக்குள்ள அவங்க கரை மேல நடந்து வூட்டுக்குப் போய்டுவாங்க. வண்டிய நாங்க தள்ளிக்கினு வரோம்."

அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. பல்பு எரிந்தால் அதைத்தான் செய்ய வேண்டும். என் மனதும் ஒரு கணம் அந்தப் பக்கம் சாய்ந்தது. யாருக்கும் தோல்வி இல்லை, வண்டி கெட்டது, இறங்கினோம், அவ்வளவுதான். காலையில் அந்தப் பல்பு பொய் சொன்னது எனக்குத் தெரியும். பிளாஸ்திரி போட்ட பிறகு இப்போது சொல்வது பொய்யா நிஜமா என்று தெரியாது. இறங்கி ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் நான் இறங்கினால் கதவு திறக்கும், கதவு திறந்தால் எல்லோரும் இறங்க வேண்டியிருக்கும்.

பின்னாலிருந்து தாவீது மெல்லச் சொன்னார்: "எறங்கிடலாம்மா. வண்டி நின்னுபோச்சின்னு சொல்லிக்கலாம்."

"நீங்க எறங்கறதுன்னா எறங்குங்க மாமா," என்றாள் ரூத். "நான் எறங்க மாட்டேன்."

அந்த வீட்டு மருமகளாக அவள் பேசிய முதல் வார்த்தை அது. வீட்டுக்குள் இன்னும் கால்கூட வைக்கவில்லை. சாமுவேல் தன் பக்கத்துக் கதவின் பிடியை உள்ளிருந்து இறுகப் பிடித்துக்கொண்டார். தாவீது இறங்கவில்லை. "கியரைப் போடு," என்றாள் ஸ்டெல்லா.

போட்டேன். கிளட்சை மெல்ல விட்டு, ஒரு சாண் ஒரு சாணாக நகர்த்தினேன். முன்னால் நின்றவர்கள் கடைசி வரை நின்று, பம்பர் வேட்டியில் படும்போது விலகினார்கள். டவுனிலிருந்து காரோடு வந்த ஒரு பெண் மேல் கை வைக்க அவர்களுக்குத் தயக்கம். அந்தத் தயக்கம் ஸ்டெல்லாவுக்குக் கிடைத்திருக்காது. அதை நான் அன்றே அறிந்திருந்தேன், அறிந்தேதான் ஓட்டினேன்.

நீளத் தெரு அது. வீட்டு வாசல்களில் பெண்கள் வந்து நின்று ரூத்தைப் பார்த்தார்கள். கோயிலைத் தாண்டும்போது பின்பக்கம் ஒரு கல் வந்து விழுந்தது, தகடு அதிர்ந்தது. அதைவிட எனக்குப் பயம் தந்தது வேறொன்று. இன்ஜின் இடித்துத் தட்ட ஆரம்பித்திருந்தது. சூடான இரும்பின் வாசனை உள்ளே வந்தது. அப்போது புரிந்தது, இந்த முறை பல்பு உண்மை சொல்கிறது. நிறுத்தினால் வண்டி பிழைக்கும். ஓட்டினால் என்ன ஆகும் என்று அப்பா பலமுறை சொல்லிக்கொடுத்திருக்கிறார். போனால் போகட்டும், இந்தத் தெருவில் மட்டும் நிற்கக் கூடாது என்று இரண்டாவது கியரில் மிதித்தேன். தெருவின் கடைசி வீடும் வைக்கோல் போரும் பின்னால் போயின. காலனியின் முதல் குடிசைக்கு எதிரே வண்டி ஒருமுறை குலுங்கி நின்றது. பானெட்டின் இடுக்குகளிலிருந்து ஆவி புஸ்ஸென்று வந்தது. ரூத் கதவைத் தானே திறந்து இறங்கி, சேலையைச் சரி செய்துகொண்டு மாமியாரிடம் போனாள்.

வண்டித் தடத்தில் கல் இடித்து ரேடியேட்டரின் ரப்பர் குழாய் கிழிந்திருந்தது, தண்ணீர் முழுக்கப் போயிருந்தது. வண்டி அங்கேயே நான்கு நாள் கிடந்தது. காலனிப் பிள்ளைகள் முறை வைத்துக் காவல் இருந்தார்கள். அப்பா ஒரு லாரியோடு வந்தார். கருகிய இன்ஜினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். என்னைத் திட்டப் போகிறார் என்றுதான் நின்றேன்.

"தெருவுல நின்னுச்சா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. தாண்டிதான் நின்னுச்சு."

சரி என்று சொல்லிவிட்டுக் கயிற்றைக் கட்டப் போனார். அந்த இன்ஜின் பிறகு பழையபடி ஓடவே இல்லை.

மறுநாளே தாவீதை அறுப்புக்கு வர வேண்டாம் என்று சொன்னார்கள். அவரை வேண்டாம் என்றால் நாங்களும் வரவில்லை என்று காலனியே போகாமல் இருந்தது. முற்றிய கதிர் கொட்ட ஆரம்பித்ததும் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். எல்லோரும் போனார்கள், தாவீது மட்டும் போகவில்லை. பெருநகரில் நெல் மூட்டை தூக்கப் போய்விட்டார். எங்கள் பள்ளி நிர்வாகிக்கும் சேதி போயிற்று. டீச்சருக்கு இந்த வேலை எதற்கு என்று கூப்பிட்டுக் கேட்டார். எந்த விதியை மீறினேன் என்று கேட்டேன். மன்னிப்புக் கேட்கச் சொன்னார், கேட்கவில்லை.

அதே வருடம் காலனியில் அடுத்த கல்யாணம் நடந்தது. மாட்டு வண்டியில் பெண்ணை உட்காரவைத்துத் தெரு வழியாகவே வந்தார்கள். அன்று அடிதடி ஆகி இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. அதற்கு அடுத்த கல்யாணத்துக்குத் தெரு முனையில் யாரும் வந்து நிற்கவில்லை.

இனி, போகிறவர்களுக்கு. காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் பதினெட்டு மைல், இப்போதைய கணக்கில் இருபத்தொன்பது கிலோமீட்டர். திருப்புலிவனம் அதற்குச் சற்று முன்னாலேயே வரும், சிவன் கோயிலைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள், நடை சாத்திவிட்டால் சாயந்திரம் வரை காத்திருக்க வேண்டும். பெருநகருக்கு உத்திரமேரூரிலிருந்து பஸ் இருக்கிறது. மே மாதம் வேண்டாம், தை மாதம் போங்கள். பழைய வண்டி என்றால் ஒரு குடம் தண்ணீரும் ஒரு ரப்பர் குழாயும் கையோடு இருக்கட்டும். சூட்டு விளக்கு எரிந்தால் உடனே ஓரமாக நிறுத்துங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், ஆறட்டும். விளக்கு பொய் சொல்கிறது என்று தோன்றினாலும் இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

இது சரியான யோசனை, யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அந்தத் தெருவில் இதில் ஒன்றையும் நான் செய்யவில்லை. இன்றைக்கு அப்படி ஒரு தெரு எதிரே வந்தாலும் செய்ய மாட்டேன்.