தரவையில் நட்ட குச்சிகள்

வாவிக் கரையோரம் மாடு மேயும் புல்வெளியைத் தரவை என்போம். அந்த மாரி முடிந்தபோது, அங்கே புல்லுக்குள் நில ஓர்க்கிட் பூத்திருந்தது. வெறும் தண்டாக எழுந்து பச்சையும் ஊதாவுமாகப் பூக்கிற இனம். பல்கலைக்கழகத்தில் எனக்குத் தாவரவியல் படிப்பித்தவர், அது அழிந்துவரும் இனமாக இருக்கலாம் என்பார். சண்டைக்குள் எங்கள் பக்கம் வந்து பார்க்க ஆளில்லை. அதனால் பட்டியலில் அதன் பெயருக்கு எதிரே 'போதிய விபரம் இல்லை' என்றுதான் இருந்தது. காய் முற்றுகிறதா என்று பார்த்துச் சொல்லும்படி என்னிடம் கேட்டிருந்தார்.

மாடு கடித்துவிடாமலிருக்கச் செடிகளைச் சுற்றிக் குச்சி நட்டேன். சிவப்புத் துணி கட்டினால் மிதிவெடி என்று பயப்படுவார்களே என யோசித்து, என் கைப்பிள்ளையின் பழைய வெள்ளைத் துணியைக் கிழித்துக் கட்டினேன். அவ்வளவு யோசித்தவள் யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சில நாட்களில், பால் கொண்டுவரும் பெண் தன் புருஷனைப் பற்றிச் சொல்லி அழுதாள். இப்போது மாடுகளை ஆமி முகாம் ரோட்டால் சாய்த்துப் போகிறாராம். காவலரணில் தினமும் மறிக்கிறார்களாம். முந்தின நாள் பொழுதுபட்டுத்தான் விட்டார்களாம். ஏன் அந்த வழி என்று கேட்டேன்.

"தரவையில வெடி இரிக்காம் டீச்சர். ஆரோ குச்சி நட்டிரிக்காங்க. சிவப்புத் துணி கிடைக்கல்ல போல, வெள்ளையக் கட்டியிரிக்காங்க."

நான்தான் நட்டேன் என்றேன். பூவுக்காக என்றேன். மருந்துக்கா என்று கேட்டாள். இல்லை. கோயிலுக்கா என்றாள். அதற்கும் இல்லை.

"அப்ப என்னத்துக்கு டீச்சர்?"

வெடி இல்லை என்று புருஷனிடம் போய்ச் சொல் என்றேன்.

அவள் புருஷன் நம்பவில்லை. யாரோ சொல்லித்தந்து நான் பேசுவதாக நினைத்தார். நடந்து காட்டுகிறேன் என்று இருவரையும் கூட்டிப்போனேன். அங்கே ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். முழங்காலில் இருந்து குச்சி நட்டவள் நான். ஆனாலும் புல்லின் ஓரத்தில் கால் நின்றுவிட்டது. எனக்குப் பிறகு வேறு யாராவது வந்திருந்தால்? இடுப்பிலிருந்த பிள்ளையை அவளிடம் கொடுத்தேன். பிறகு உள்ளே போய், தண்டுகள் மிதிபடுவதையும் பாராமல் குச்சிகளைப் பிடுங்கினேன்.

திரும்பி வந்ததும் அவள் பிள்ளையைத் தந்தாள். அவர் கோபமில்லாமல்தான் சொன்னார்:

"புள்ளையக் குடுத்திட்டுத்தானே போனீங்க டீச்சர்."

மறுநாள் பிள்ளையோடு போய் நடந்து காட்டியிருக்கலாம். தினமும் காலையில் பிள்ளைக்குச் சட்டை போடும்வரை அந்த எண்ணம் இருக்கும். போகமாட்டேன்.

மாடுகள் தரவைக்குள் வரவேயில்லை. நான் மிதிக்காமல் விட்ட தண்டுகளில் காய் முற்றியது. அதைப் பார்க்கத் தனியாகத்தான் போனேன். அங்கிருந்து பார்த்தால் காவலரண் தெரியும். மாடுகளை ரோட்டோரம் விட்டுவிட்டு, அவர் இடுப்பில் ஒன்றுமில்லை என்று ஆமிக்குச் சட்டையை உயர்த்திக் காட்டிக்கொண்டு நின்றார்.