பின்பக்கத்து மரத்தடியில் பதினோரு பூக்கள்

மருந்துக்கடையில் அவளிடம் மாத்திரை வாங்க வருகிறவர்கள் பூவைப் பற்றித் தெரியாத்தனமாக ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போச்சு, அன்றைக்கு பஸ்ஸைத் தவறவிட வேண்டியதுதான். ஊருக்கு வெளியே இருக்கும் காட்டில் ஒரு பூச்செடியின் விதை பொறுக்கிவந்து, வீட்டுக்குப் பின்னால் பெரிய மரத்தடியில் விதைத்திருந்தாள். காலையில் கொஞ்சம் வெயில், அப்புறம் நிழல்; அந்தச் செடிகளுக்கு அதுதான் ஒத்துக்கொள்ளும். ஆறு வருடம் வெறும் இலை. ஏழாவது வருடம்தான் மொட்டு வந்தது.

ஓய்வு பெற்ற பஸ் டிரைவரான கணவர் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. "என்ன காட்டுக்காரி, உன் புல்லு எப்படி இருக்கு?" என்பதோடு சரி.

சருகுதான் சத்து என்று பக்கத்து வீட்டுச் சருகையும் கெஞ்சி வாங்கி, மரத்தைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குக் குவித்து வைத்திருந்தாள். ஒருநாள் அதை விலக்கினால் அடிமரமெல்லாம் காளான். மரம் வெட்டுகிறவர் வந்து கத்தியால் குத்தினார். பிடிவரை இறங்கியது.

"சருகு ஈரத்துல பட்டை அழுகிப்போச்சும்மா. விழுந்தா உங்க பின்பக்க ரூம் மேலதான் சாயும். நாளைக்கே வெட்டிடலாம்."

"பத்து நாள் பொறுங்க. பூத்துடட்டும்."

"சொல்றத சொல்லிட்டேன். அப்புறம் உங்க இஷ்டம்."

அந்த அறையில்தான் கணவர் மத்தியானம் தூங்குவார். விஷயம் தெரிந்தால் அன்றைக்கே வெட்டச் சொல்லிவிடுவார். நிழல் போனால் மொட்டு கருகிவிடும். அதனால் அவள் மூச்சுவிடவில்லை. ஈர வாடை அடிக்கிறது என்று சொல்லிக் கட்டிலை முன்னறைக்கு மாற்றினாள். தன் சாமர்த்தியத்தை எண்ணிப் பெருமை வேறு. அதை நினைத்தால் நமக்குத்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒன்பதாம் நாள் மத்தியானம் கடையிலிருந்து வந்தவள் நேராகப் பின்பக்கம் போனாள். காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. மரத்தடியில் பதினோரு வெள்ளைப் பூக்கள். சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். அப்போதுதான் ஜன்னலிலிருந்து குறட்டை கேட்டது. முன்னறையில் புழுக்கம் தாங்காமல் மனிதர் பாயைச் சுருட்டிக்கொண்டு பழைய அறைக்கே வந்துவிட்டிருந்தார்.

மரத்துக்குள் ஏதோ முறிந்தது.

"ஏங்க! வெளிய வாங்க, பூ பூத்திருக்கு!" உண்மையைச் சொல்ல அப்போதும் வாய் வரவில்லை.

"சாயங்காலம் பாக்குறேன், விடு."

மறுபடியும் முறிந்தது. வேர்ப்பக்கம் மண் விரிசல் விட்டு மேலெழும்பியது. பூக்களை மிதித்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினாள்.

"மரம் விழுதுங்க! எந்திரிங்க!"

"உன் பூவைக் காட்டுறதுக்கு இப்படியெல்லாமா பொய் சொல்லுவ?" என்று சிரித்தபடி, அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.