சீலை மாற்றும் வரை

கொழும்பு வெள்ளவத்தையில் அம்புலன்ஸில் வேலை செய்வது ஒரு தனி நரகம். காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் இரண்டு கரையிலும் கார்களை விட்டிருப்பார்கள். தப்பிப் பிழைத்து உள்ளே போனால் மாடிவீட்டு லிப்ட். நாலு பேர் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கலாம், ஸ்ட்ரெச்சர் போகாது. இந்த வீடுகளிலிருந்து யாராவது படுத்தபடி இறங்க வேண்டிவரும் என்று கட்டினவர்கள் யோசிக்கவே இல்லை. ஒவ்வொரு தடவையும் இதைத் திட்டிக்கொண்டுதான் ஏறுவேன். நான் கொட்டாஞ்சேனைக்காரி. எங்கள் பக்கத்துப் படிகளும் மோசம்தான், ஆனால் அவற்றை வேறு யாரும் திட்டினால் எனக்குப் பிடிக்காது.

அன்று காலை போன வீடு நாலாம் மாடியில் இருந்தது. கதவைத் திறந்த பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். “அம்மா எழும்புறா இல்லை” என்றார். வாகனம் ஓட்டும் சிங்கள அண்ணன், நான் அய்யே என்றுதான் கூப்பிடுவேன், அவருக்குத் தமிழ் அவ்வளவாக வராது. தமிழ் வீடுகளில் கதைப்பதெல்லாம் நான்தான். அவரை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அறையில் பேன் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா நைட்டியோடு படுத்திருந்தார், போர்வை நெஞ்சுவரை இருந்தது. கழுத்தில் விரல் வைத்தேன். நாடி இல்லை. வாயைத் திறக்கப் பார்த்தேன். தாடை அசையவில்லை. உயிர் போய்ச் சில மணித்தியாலங்களில் முதலில் இறுகுவது தாடைதான். அதற்குப் பிறகு நெஞ்சை அமத்துவதில் ஒரு பிரயோசனமும் இல்லை என்று பயிற்சியிலேயே சொல்லித் தந்திருக்கிறார்கள்.

ஆனால் எங்கள் வேலையில் ஒரு வசதி உண்டு. ‘நாடி கிடைக்கவில்லை’ என்று நான் சொல்லலாம். ‘இறந்துவிட்டார்’ என்று சொல்ல முடியாது. அது டொக்டரின் வாயிலிருந்துதான் வர வேண்டும் என்பது சட்டம். நல்ல சட்டம்தான். கோழைகள் ஒளிந்துகொள்ளவும் அதில் இடம் உண்டு, நானும் பலமுறை ஒளிந்திருக்கிறேன். அன்றும் என்ன சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது மகள் முந்திக்கொண்டார்.

“கொஞ்சம் பொறுங்கோ தங்கச்சி. நைட்டியோட கொண்டு போகேலாது. ஆஸ்பத்திரி எண்டால் அம்மா சீலைதான் உடுக்கிறவ.”

இது எங்கள் சனத்தின் வியாதி. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கும் மனுசியும் அலுமாரிப் பக்கம் கையைக் காட்டுவார். ஆஸ்பத்திரியில் யார் யார் பார்ப்பார்களோ என்று வீடே பதறும். எனக்கு அது கண்ணில் காட்டக்கூடாது. “சீலை பெருசா, உயிர் பெருசா?” என்று எத்தனையோ வீடுகளில் கத்தியிருக்கிறேன்.

அன்று நான் கத்தவில்லை. சரி அக்கா, உடுத்துங்க என்றேன். கதவைச் சாத்திவிட்டு நானும் கை கொடுத்தேன். அவர் சட்டைக்குப் பொருத்தமான சீலை தேடிக்கொண்டிருந்தபோது நான் அம்மாவைப் பக்கவாட்டில் திருப்பினேன். முதுகில் இரத்தம் இறங்கிக் கருநீலமாகத் திட்டுப் பிடித்திருந்தது. சந்தேகத்துக்கு இனி இடமில்லை. மகள் திரும்புவதற்குள் நைட்டியை இழுத்து மூடினேன். இளம்பச்சை நூல்சீலை. கொசுவத்தை நான்தான் மடித்துச் செருகினேன். அவர் அம்மாவின் தலையையும் வாரிவிட்டார். அவசரப்படுத்தாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பொறுமையை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்குக் குற்ற உணர்வாக இருக்கிறது. அந்த நேரத்தில் வாயைத் திறந்திருக்கலாம். திறந்திருக்க வேண்டும்.

கதவைத் திறந்தால் ஹோலில் பக்கத்து வீட்டுக்காரி போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். போனுக்குள், வீடியோவில், கனடாவில் இருக்கும் மகளின் தம்பி.

“அக்கா, அவையள் ஏன் ஒண்டும் செய்யாமல் நிக்கினம்?”

மகள் என்னைப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரி போனை என் முகத்துக்கு நேரே திருப்பினார். அய்யே குனிந்து, “பட்டன் கமு, நங்கி” என்றார், தொடங்குவோம் தங்கச்சி என்று. அம்புலன்ஸ்காரர் சும்மா நின்றார்கள் என்று ஒரு வீடியோ போனால் எங்கள் கதை என்ன ஆகும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அம்மாவை ஹோல் தரையில் கிடத்தி, முழங்காலில் நின்று நெஞ்சை அமத்தினேன். வயதான விலா எலும்பு. அது முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பிறகு நாற்காலியில் வைத்துப் படியால் இறக்கினோம். படி திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் கீழே வைத்து அமத்தினேன், வாகனத்துக்குள்ளும் அமத்தினேன். ஆஸ்பத்திரியில் டொக்டர் தாடையைத் தொட்டுப் பார்த்தார், என்னை ஒருதரம் பார்த்தார், பிறகு சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

திரும்பி வரும்போது, குடும்பத்துக்காகத்தானே செய்தோம் என்றார் அய்யே. நானும் தலையாட்டினேன். பாதி உண்மைதான். மற்றப் பாதி அந்த போன்.

அம்மாவின் முப்பத்தோராம் நாள் கிரியையும் முடிந்திருக்கும். காலி வீதியில் ஒரு சைவக்கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். யூனிபோமைப் பார்த்துவிட்டு ஒருவர் வந்து எதிரில் உட்கார்ந்தார். அந்த மகள்.

முதலில் நன்றி சொன்னார். கடைசி மட்டும் விடாமல் அமத்தினீங்கள் என்றார். எனக்கு எழும்பி ஓடலாம் போலிருந்தது. அவருக்கும் ஒரு டீ சொன்னேன்.

“எனக்கு நித்திரையே இல்லை, தங்கச்சி. சீலை, தலை எண்டு நேரத்தைப் போக்கினது நான்தானே. அந்த நேரத்துக்கு நீங்கள் தொடங்கியிருந்தால் அம்மா தப்பியிருப்பா. தம்பியும் அதைத்தான் சொல்லுறான்.” பிறகு என்னை நேராகப் பார்த்தார். “நீங்கள் ஏன் என்னைத் தடுக்கேல்லை?”

அவர் கோபித்துக் கேட்கவில்லை. ஒரு மாதமாகத் தன்னையே தின்றுகொண்டிருந்தவர் கேட்ட கேள்வி அது. இனியும் ஒளிய எனக்கு வெட்கமாக இருந்தது.

“அக்கா, நாங்க வரக்குள்ளயே அம்மா போயிட்டாங்க. எனக்குத் தெரியும். அதனாலதான் உடுத்த விட்டேன். சீலையால ஒண்ணும் ஆகல்ல.”

“அப்ப நெஞ்சை அமத்தினது?”

“உங்க மனசுக்காக. போனுக்குப் பயந்தும்தான்.”

ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் ஏதோ இளகியது போலிருந்தது. ஒரு பாரத்தை இறக்கிவிட்டோம் என்று எனக்குள் ஒரு நிம்மதிகூட வரத் தொடங்கியது.

“எவ்வளவு நேரத்துக்கு முன்னுக்குப் போயிருப்பா?”

“சில மணித்தியாலம் இருக்கும்.”

அவர் கணக்குப் பார்ப்பது தெரிந்தது. கை கோப்பையில் அப்படியே நின்றது.

“விடிய எழும்பி அம்மாவின்ர அறைக்குப் போனனான்” என்றார். “நல்ல நித்திரை எண்டு நினைச்சுப் போர்வையை இழுத்துவிட்டனான். எழுப்பக்கூடாதெண்டு சத்தம் போடாமல் கதவைச் சாத்தினன். அப்ப அம்மா உயிரோட இருந்தவவா?”

இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். தாடையை வைத்து அவ்வளவு நுணுக்கமாகச் சொல்ல முடியாது. நான் வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால் அந்தப் போர்வை அவருக்கு ஞாபகம் வந்தே இருக்காது.

“இருந்தாங்க, அக்கா” என்றேன். “நல்லாத் தூங்கிக்கிட்டுத்தான் இருந்திருப்பாங்க.”

அவர் தலையாட்டினார். மிச்சத் தேநீரைக் குடித்துவிட்டு, போய்வருகிறேன் என்று எழும்பினார். நம்பினாரா என்று தெரியவில்லை. ஒருவர் இறந்துவிட்டார் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. உயிரோடு இருந்தார் என்று சொல்லவும் அந்த அதிகாரம் இல்லை.