குரல் நின்றால் கிரேன் நிற்கும்

1. வாக்கி டாக்கி

"இந்தா, நீ பேசு, அவன் எறக்குவான்" என்று கிரேன் முதலாளி என் கையில் வாக்கி டாக்கியைத் திணித்தபோது, அதை யாரிடம் தள்ளலாம் என்று சுற்றிலும் பார்த்தேன். இடம் ஆண்டர்சன்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபம். கிரேன் முன்பக்கம் தெருவில் நிற்கிறது. ஜெனரேட்டரைத் தூக்கி, மாடிக்கு மேலாகக் கொண்டுபோய், பின்பக்கத்துச் சிமெண்ட் மேடையில் இறக்க வேண்டும். ஆபரேட்டர் ஆரோக்கியத்துக்குப் பின்பக்கம் தெரியாது. அங்கே நின்று வழி சொல்கிற ரிக்கர்தான் அவனுக்குக் கண். அந்த ரிக்கர் நான்.

எனக்குத் திக்குவாய். இன்று ஒரு வரியில் எழுதிவிட்டேன். அப்போதெல்லாம் வெளியே சொல்லக் கூடாத சங்கதியாக அதைப் பொத்தி வைத்திருந்தேன். கிரேன் வேலைக்கு வந்ததே அதனால்தான். விரலை மேலே காட்டிச் சுற்றினால் தூக்கு, கீழே காட்டிச் சுற்றினால் இறக்கு, ஒரு விசில் அடித்தால் நில். நாக்குக்கு வேலையே இல்லை. தேவராஜ் பேச மாட்டான், கண்டிப்பான ஆள் என்று சொல்வார்கள். சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் இந்த மண்டபத்தைத் தாண்டி விசிலும் கேட்காது, கையும் தெரியாது.

2. பாபுவின் வாய்

லோடு சுற்றாமல் இருக்கக் கீழே நின்று கைடு ரோப் பிடிக்கிற பாபுவிடம் வாக்கி டாக்கியைக் கொடுத்தேன். நான் கை காட்டுவது, அவன் அதைப் பார்த்துச் சொல்வது என்று ஏற்பாடு. நிறுத்தச் சொல்லி நான் முஷ்டியை உயர்த்தி, அவன் அதைக் கவனித்து வாய் திறப்பதற்குள் லோடு ஆடிப்போய் மாடிக் கைப்பிடிச் சுவரில் இடித்தது. காரை பெயர்ந்து எங்கள் காலடியில் விழுந்தது. ஜெனரேட்டரைத் திரும்பவும் தெருவிலேயே இறக்கி வைத்தோம். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது.

"இன்னாடா பண்றீங்க? பாக்கறது ஒருத்தன், பேசறது ஒருத்தனா?" என்றார் முதலாளி.

"அ... அ... அது..."

"உனக்கு வாய் வராதுப்பா. இனிமே எல்லா சைட்லயும் வாக்கி டாக்கிதான். பங்காருபேட்டையிலேர்ந்து வேற ரிக்கர வரச் சொல்றேன். நீ லோடுல ஸ்லிங் கயித்த மாட்டிட்டு ஓரமா நில்லு, போதும்."

அது ஹெல்பர் வேலை. என் தொழில் அந்தத் தெருவிலேயே முடியப் போகிறது என்று புரிந்தது. கோபமா அவமானமா என்று எனக்கே தெரியவில்லை. நேரே கிரேன் கேபினுக்குப் போனேன். அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன்.

"எ... எனக்குத் திக்கும் ஆரோக்கியம். நா பேசிக்கினே இருந்தா எறக்கு. என் கொ... கொரல் நின்னா நீ நிறுத்திடு. மறுபடி நா பேசற வரைக்கும் லீவர்ல கை வெக்காத."

யாரோ சிரித்தார்கள். ஆரோக்கியம் சிரிக்கவில்லை. "பெங்களூர் சைட்ல இதாண்ணா ரூலே. வாய்ஸ் நின்னா கிரேன் நிக்கணும். நீங்க பேசுங்க, எவ்ளோ நேரமானாலும் நிக்கறேன்" என்றான்.

முதலாளி இன்னொரு வாக்கி டாக்கியை எடுத்துக்கொண்டு, "ஒரே ஒரு தபாதான்" என்றார்.

3. அடியில் ஒரு கை

பாபுவிடமிருந்து வாக்கி டாக்கியை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போய் நின்றேன். லோடு மாடியைத் தாண்டி வந்தது. "எறக்கு... எறக்கு... எறக்கு..." நடுவில் இரண்டு தரம் சொல் அடைத்துக்கொண்டது. இரண்டு தரமும் லோடு அந்தரத்தில் அப்படியே நின்றது. பக்கத்து மொட்டை மாடியில் ஒருவன் என்னைப் போலவே திக்கிக் காட்டினான். எனக்குக் காது சுட்டது. ஆனால் லோடிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மேடைக்கு ஒரு சாண் மேலே வந்ததும், போல்ட் ஓட்டைக்கு நேராக வரவில்லை என்று பாபு அடியில் கையை விட்டான். கம்பி வைத்துத்தான் நகர்த்த வேண்டும் என்று தெரிந்தவன், அவசரத்தில் விட்டுவிட்டான். க்ளவுஸ் போல்ட்டில் சிக்கிக்கொண்டது. இழுத்துப் பார்க்கிறான், வரவில்லை. "நில்லு" என்று சொல்ல வாயைத் திறந்தேன். தொண்டை இறுகிவிட்டது, முதல் எழுத்தே வரவில்லை. லோடு நின்றது.

அந்த நேரம் பார்த்து வாக்கி டாக்கியில் முதலாளியின் குரல். முன்பக்கம் நின்ற அவருக்கு இங்கே நடப்பது தெரியாது.

"இன்னா நின்னுகினே கீது? எறக்கு ஆரோக்கியம், எறக்கு."

கத்தப் பார்க்கிறேன், வெறும் காற்றுதான் வருகிறது. பாபுவை நோக்கி ஓடினேன். லோடு அசையவில்லை. பிறகு ஆரோக்கியத்தின் குரல் வந்தது.

"மொதலாளி, நீங்க பேசாதீங்க. தேவராஜண்ணன் கொரலுக்குத்தான் நா எறக்குவேன்."

பாபுவின் கையை க்ளவுஸிலிருந்து உருவி எடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குச் சொல் வந்தது. "தூ... தூக்கு" என்றேன். க்ளவுஸை எடுத்தபின் இறக்கச் சொன்னேன்.

முதலாளி பின்பக்கம் வந்து, கிழிந்த க்ளவுஸைப் பார்த்தார். நான் நீட்டிய வாக்கி டாக்கியை வாங்கவில்லை. "உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். காது மந்தமோ, கண் கூசுமோ, வாய் திக்குமோ, ஸ்லிங்கைப் பார்ப்பதற்கு முன்னால் அதை ஆபரேட்டரிடம் சொல்லிவிடுங்கள். சிரிக்கிறவன் சிரிப்பான். மறைத்துக்கொண்டிருந்த வரைக்கும் எனக்குப் பாதிக் கவனம் என் நாக்கின் மேல்தான் இருந்தது.

எனக்கு இன்றும் திக்குகிறது. அன்று வேலை முடிந்து, எல்லோரும் டீக்கடைக்குப் போனோம். வழக்கமாக எனக்கும் சேர்த்துப் பாபு சொல்லிவிடுவான். அன்று நானே ஆரம்பித்தேன். "நா... நா... நா..." முதலாளி எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். "நாலு டீ" என்று நான் சொல்லி முடிக்கும் வரை மூன்று பேரும் பேசாமல் நின்றார்கள்.